காம்பியாவில் எனக்கொரு பகிடிச் சொந்தம்

காம்பியா என்ற நாட்டை நான் முதன்முதலில் சோப்பு நுரையில்தான் பார்த்தேன்.

சூரிச்சுக்குப் பக்கத்துச் சூக் நகரத்தில், ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கன்ரீனில் சட்டி பானை கழுவுவது என் வேலை. ஒரு திங்கட்கிழமை பக்கத்துத் தொட்டிக்குப் புதிதாக ஒருவன் வந்து நின்றான். நெடிய ஆள், நாற்பது வயதிருக்கும். எந்த நாடு என்று கேட்டேன். நானாக வாய் திறந்து ஒருவரிடம் எதையும் கேட்கிறவன் இல்லை. நாள் முழுக்கத் தோளோடு தோள் நிற்கப்போகிறோமே என்று கேட்டுவிட்டேன். அவன் அடுப்புத் தட்டு ஒன்றில் நுரையைப் பரப்பி, விரலால் நெளிவாக ஒரு கோடு இழுத்தான்.

"இது ஆறு."

அதற்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.

"இது நாடு. மிச்ச நுரையெல்லாம் செனகல்."

பிறகு தண்ணீரைத் திறந்து தட்டைக் கழுவிவிட்டான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆபிரிக்கா என்றால் ஒரே ஊர், ஒரே மாதிரிச் சனம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஆகவே இதில் நான் எழுதுவது எதுவும் புத்தகத்தில் படித்தது இல்லை. ஒரே ஒரு ஆள் சொல்லக் கேட்டது. அவன் கூட்டிச் சொல்லியிருந்தால் இதிலும் கூடித்தான் இருக்கும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை டொச், அதாவது ஜெர்மன் பாஷை. அந்த டொச்சை அப்படியே எழுத என்னால் முடியாது. அதனால் அவனையும் என் ஊர்த் தமிழிலேயே பேச வைக்கிறேன்.

அவனும் என்னைப் போல சூரிச்சில், ஓர்லிகோன் பக்கம்தான் இருந்தான். காலையில் ஒரே ரயில். சூரிச் ஏரியை இடது பக்கம் வைத்துக்கொண்டு ரயில் போகும்போது அவன் தன் நாட்டைச் சொல்லிக்கொண்டு வருவான்.

காம்பியா இலங்கையைவிட மிகவும் சிறியது. ஒரு ஆறும் அதன் இரண்டு கரையும்தான் நாடு. கடலில் தொடங்கி, ஆற்றோடு சேர்ந்து புடலங்காய் மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நீளம் உண்டு. அகலம் என்று பார்த்தால், சில இடங்களில் நாங்கள் தினமும் வேலைக்கு வருகிற தூரம்கூட இல்லை. முன்னொரு காலத்தில் இங்கிலாந்துக்காரன் ஆற்றில் கப்பலை விட்டு, இரண்டு பக்கமும் பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த இடம் வரைக்கும் தன்னுடையது என்று சொன்னானாம். அதற்கு அப்பால் எல்லாம் பிரெஞ்சுக்காரனுக்கு. இது மெய்யோ பொய்யோ தெரியாது. அவன் மெய் என்றுதான் சொன்னான்.

"அவன்ர பீரங்கி பழசு," என்றான். "நல்லதொண்டு கொண்டுவந்திருந்தால் எங்கட நாடும் கொஞ்சம் பெரிசாய் இருந்திருக்கும்."

அங்கே மலை இல்லை. யாழ்ப்பாணத்திலும் மலை இல்லை. மலையில்லாத இடத்துக்காரர் இரண்டு பேர் மலை நாட்டில் வந்து சட்டி கழுவுகிறோம் என்று ஒருநாள் சொன்னேன். அது நான் அவனுக்குச் சொன்ன முதல் நீளமான வசனம். அவன் அதைக் கன்ரீன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆற்றின் இரு பக்கமும் கச்சான் விளைகிறது. இந்தியாவில் நிலக்கடலை என்பதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். எங்களுக்குக் கச்சான் என்றால் கோயில் திருவிழாவில் காகிதச் சுருளில் வாங்கிக் கொறிப்பது. அவர்களுக்கு அது சாப்பாடு. கச்சானை அரைத்துக் குழம்பு வைத்து, சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். ஒருநாள் ஒரு சின்னப் பெட்டியில் எனக்கும் கொண்டுவந்து தந்தான். நான் அதில் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி விரலில் தொட்டு நக்கிப் பார்த்தா.

"கறித்தூள் போடாமல் விட்டிட்டாங்கள், பாவங்கள்," என்றா. அடுத்த கிழமை கறித்தூள் போட்டு ஒரு சட்டி நிறைய வைத்து அனுப்பினா. அவன் கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டான். தன் நாட்டை என் மனைவி கொளுத்திப்போட்டா என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான்.

அந்தச் சின்ன நாட்டுக்குள் பல இனம், பல பாஷை. அவன் ஜோலா இனம். அவர்கள் நெல் விதைக்கிற ஆட்கள். ஆண்கள் நீளப் பிடி போட்ட மண்வெட்டியால் சேற்றைப் புரட்டிக் கொடுக்க, பெண்கள் நாற்று நடுவார்கள். கசுமாய் என்று சொல்லித்தான் ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். சமாதானமா என்று அர்த்தம். அதோடு விடமாட்டார்கள். ரயில் மேடையில் நின்று தினமும் என்னைக் கேட்பான்.

"மனிசி?"

"இருக்கிறா."

"மகள்?"

"இருக்கிறாள்."

"ஊரிலை சகோதரங்கள்?"

"இருக்கினம்."

இருக்கிறார்கள் என்பதுதான் பதில். காய்ச்சல் என்றாலும், சண்டை என்றாலும் முதலில் அதைத்தான் சொல்லவேண்டும். மற்றக் கதை பிறகு. ஆரம்பத்தில் இது என்ன தொல்லை என்று இருந்தது. நேற்று இருந்தவர்கள் இன்றைக்கு எங்கே போகப்போகிறார்கள்? ஆனால் கூச்சக்காரனுக்கு இதைவிட வசதியான பேச்சு கிடையாது. பதில் கையிலேயே இருக்கிறது. அவனுக்குக் காய்ச்சல் வந்து வராமல் நின்ற ஒரு நாளில், அந்த மேடையில் என் வீட்டாரைப் பற்றிக் கேட்க வேறு யாரும் இல்லை என்பதைக் கவனித்தேன்.

இதெல்லாம் அவன் வந்து இரண்டு மூன்று மாதத்தில் கண்டது. பிறகுதான் அவனுடைய பகிடி, அதாவது கேலி, தொடங்கியது.

வேலையாட்கள் சாப்பிடும் அறையில் நான் எப்போதும் மூலையில் இருந்து, சோற்றுப் பெட்டியை மூடியால் பாதி மறைத்துக்கொண்டு சாப்பிடுவேன். ஒருநாள் அவன் வந்து அந்த மூடியை எடுத்து உயர்த்திப் பிடித்தான். அறையில் சமையல்காரப் போர்த்துக்கீசப் பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள்.

"எல்லாரும் பாருங்கோ," என்றான். "சோத்துக் கள்ளன். இவனை நான் ஒரு சாக்குக் கச்சான் குடுத்து வாங்கினனான். எனக்கு நட்டம். சாக்கையும் சேர்த்துத் தின்னுறான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இந்த நாட்டில் முப்பது வருடமாக ஒருவர் வாயிலும் விழாமல் ஓரமாக நடந்து பழகியவன் நான். அடுத்த நாளிலிருந்து சோற்றை விட்டுப் பாண் ரொட்டி கொண்டுபோனேன். அதையும் பின்கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிப் பக்கம் நின்று சாப்பிட்டேன்.

அந்தக் கிழமை முடியும்போது, ரயிலில் அவன் என் முன்னால் வந்து இருந்தான்.

"சோறு எங்கை?"

நான் ஏரியைப் பார்த்தேன்.

"கோவமோ?"

"இல்லை."

"கோவமெண்டால் திருப்பி ஏசவேணும். நீ பாண் தின்னுறாய். அது என்ன முறை?"

பிறகுதான் விளக்கினான். அவர்களுடைய பக்கத்தில் பகிடிச் சொந்தம் என்று ஒன்று உண்டு. இன்ன இனத்தாருக்கு இன்ன இனத்தார், இன்ன குடும்பப் பெயருக்கு இன்ன குடும்பப் பெயர் என்று முறை இருக்கிறது. அந்த முறைக்காரர் எங்கே கண்டாலும், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், கள்ளன் என்றும் சாப்பாட்டுராமன் என்றும் என் வேலைக்காரன் என்றும் ஏசலாம். ஏசப்படுகிறவர் கோபிக்கக்கூடாது. திருப்பி ஏசலாம். அப்படிப்பட்ட இரண்டு பேருக்குள் உண்மையான சண்டை வரக்கூடாது, ஒருவர் கஷ்டத்தில் மற்றவர் நிற்காமல் இருக்கக்கூடாது. பஸ்ஸில், சந்தையில், பொலிஸ் நிலையத்தில்கூட இந்த முறை செல்லுமாம். ஜோலா ஆட்களுக்கு முறைக்காரர் செரேர் என்ற இனம். ஆதியில் இரண்டு சகோதரிகள் ஒரு தோணியில் போனார்களாம். அலை அடித்துத் தோணி இரண்டாக உடைந்ததாம். ஒரு துண்டோடு தெற்கே போனவள் ஜோலாக்களின் தாய், வடக்கே போனவள் செரேர்களின் தாய்.

"இந்தக் கன்ரீனிலை ஒரு செரேரும் இல்லை," என்றான். "எனக்கு ஏச ஆளில்லை. ஆளில்லாமல் ஒரு மனுசன் எப்பிடி இருக்கிறது? பார்த்தன். நீ சோறு தின்னுறாய், கையாலை தின்னுறாய், ஒளிச்சுத் தின்னுறாய். முழுச் செரேர். அந்தத் தோணியிலை மூண்டாவதாய் ஒருத்தி நித்திரையாய் இருந்திருக்கவேணும். அவள்தான் உங்கட இலங்கைக்கு மிதந்து வந்தவள்."

எனக்கு அது பிடிபட்டது. எங்களிடம் மச்சான் முறை இல்லையா? மச்சான்மார் கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைப்பார்கள், மீசையை இழுப்பார்கள். யாரும் கோபிப்பதில்லை. மறுநாள் சோறு கொண்டுபோனேன். அவன் தினமும் ஏசினான். நான் சிரித்துக்கொண்டு இருந்தேன். திருப்பி ஏச மட்டும் எனக்கு வரவில்லை. அவன் அதற்காகக் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். சில வேளைகளில் ஏசிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்கு நல்ல பதில் ஒன்று மாலையில், வீட்டுப் படியேறும்போது வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போவான். அவ ஓர்லிகோனில் தலைமயிர் பின்னுகிற கடை வைத்திருந்தா. வீட்டில் சின்னக் கேத்தலில் பச்சைத் தேயிலையைக் கொதிக்க வைத்து, இரண்டே இரண்டு சின்னக் கிளாசில் உயரத்தூக்கி ஆற்றி ஆற்றி, ஒரே தேயிலையில் மூன்று தரம் தேநீர் போடுவார்கள். முதலாவது கசக்கும். கடைசி இனிக்கும். மத்தியானம் முழுக்க அதிலேயே போகும். இடையில் யாரும் பேசாவிட்டாலும் பிழையில்லை, தேநீர் கொதிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஐம்பது வயதுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நண்பன் அவன் ஒருவன்தான். முன்னும் அப்படி ஒருவன் இருந்ததாக நினைவில்லை.

அவனுடைய தகப்பன் இறந்த செய்தி ஒரு மத்தியானம் வந்தது. வேலை மும்முரமான நேரம். அவன் போனைக் காதில் வைத்துக் கேட்டான். திருப்பிக் காற்சட்டைப் பையில் போட்டான். பிறகு சட்டியை எடுத்துத் தேய்த்தான்.

"என்ன?" என்று கேட்டேன்.

"அப்பா," என்றான். "இனி இல்லை."

அவர்கள் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறவர்கள். அதற்கு முன் போய்ச் சேர முடியாது. போகவும் வழியில்லை. அவனுடைய அட்டை தற்காலிக அனுமதி அட்டை. நாட்டுக்குப் போனால் திரும்பி வர ஏலாது. எனக்கு அது தெரியும். என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது என்னிடமும் அப்படி ஒரு அட்டைதான் இருந்தது. அன்றைக்கு நானும் வேலை செய்தேன். அவனுடைய தொட்டியில் கிடந்த சட்டிகளை ஒவ்வொன்றாக என் பக்கம் எடுத்துக் கழுவினேன். அவன் தடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் ஆட்கள் கூடினார்கள். நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். கூடம் நிறையக் காம்பியாக்காரர். ஒரு பெரியவர் ஓதிக்கொண்டிருந்தார். நான் சுவரோரமாக இருந்து தலையைக் குனிந்துகொண்டேன். சாவு வீட்டில் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பழகியவன். நண்பன் எதிரே இருந்தான். நான் நிமிர்ந்த போதெல்லாம் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். துக்கக்காரனை முகத்தில் பார்ப்பது அழகில்லை என்று மறுபடி குனிந்தேன்.

ஓதி முடிந்ததும் சோறு வந்தது. அவனே எழுந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். சாவு வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. வேண்டாம் என்று கையால் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோனான். இன்னும் சிறிது நேரம் இருந்துவிட்டு நான் எழும்பி, ஒருவரிடமும் சொல்லாமல் கதவைத் திறந்து வந்துவிட்டேன். அதுவும் எங்கள் வழக்கம். செத்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். எல்லாம் முறைப்படி செய்தேன் என்ற திருப்தி இருந்தது.

மறுநாள் அவன் வேறு ரயிலில் வந்தான். கன்ரீனில் எனக்குக் காலை வணக்கம் சொன்னான். துடைக்கும் துணியை எடுத்துக் கொடுத்தால் நன்றி சொன்னான். சாப்பாட்டு அறையில் என் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துக்கம், போகட்டும் என்று இருந்தேன். ஆனால் மற்றவர்களோடு கதைத்தான். என்னோடு மட்டும் மரியாதையாக இருந்தான். அந்த மரியாதை கிழமைக் கணக்காக நீண்டது. மத்தியானத்தில் அவன் ஒன்றும் சாப்பிடுவதில்லை, கோப்பிதான் குடித்தான். கன்னம் உள்ளே போய்விட்டது. ஒருநாள் போர்த்துக்கீசப் பெண் பாத்திரம் கொண்டுவந்து வைக்கும்போது என்னிடம் கேட்டா.

"உன்ர சிநேகிதன் வின்ரத்தூரிலை இருக்கிற மற்றக் கன்ரீனுக்கு மாத்தித் தரச்சொல்லிச் செஃப்பிட்டைக் கேட்டிருக்கிறான். உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. அவன் மாதக் கடைசியில் போய்விடுவான் என்றா.

அன்று மாலை நான் தலைமயிர்க் கடைக்கு முன்னால் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அக்கா கண்ணாடிக்கூடாகக் கண்டு, சீப்பை ஆட்டிக் கூப்பிட்டா. ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தா.

"அண்டைக்கு ஏன் அப்பிடிச் செய்தனி?" என்று, நான் கதவை மூடுவதற்கு முன்னமே கேட்டா.

"என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதைத்தான் கேக்கிறன். வந்தாய், ஊமை மாதிரி இருந்தாய், சோத்தைத் தொடாமல் போனாய். சொல்லிக்கொண்டும் போகேல்லை. அவன் உனக்கு என்ன செய்தவன்?"

நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். கை நனைக்கிறதில்லை, சொல்லிக்கொள்கிறதில்லை. அக்கா பின்னுவதை நிறுத்திவிட்டா.

"ஏன் சொல்லக்கூடாது?"

"வாறன் எண்டு சொன்னால், இப்பிடி ஒரு காரியத்துக்குத் திரும்பவும் வாறன் எண்டமாதிரி ஆயிடும்."

"அது நல்ல வழக்கம்தான்," என்றா. மறுபடி பின்னத் தொடங்கினா. பின்னிக்கொண்டே தங்களுடையதைச் சொன்னா. சாவு வீட்டில்தான் பகிடிச் சொந்தக்காரருக்குப் பெரிய வேலை. அவர்கள் வந்து, சத்தம் போட்டு, சோறு எங்கே என்று கேட்கவேண்டும். செத்தவரையே ஏசவேண்டும். எனக்குத் தரவேண்டியதைத் தராமல் ஓடிவிட்டான் என்று சொல்லவேண்டும். துக்கக்காரனைச் சிரிக்கவைக்க வேண்டும். மற்றவர்கள் ஓதுவார்கள், கூட இருப்பார்கள். ஆனால் ஏச உரிமை முறைக்காரருக்கு மட்டும்தான். அவர் சிரிக்கவைத்த பிறகுதான் துக்கக்காரனுக்கு நெஞ்சு இளகும்.

"அவன் இன்னும் அழேல்லை," என்றா. "உன்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தவன். இந்த நாட்டிலை அவனுக்கு வேறை ஆர் இருக்கினம் ஏச?"

"நான் போய் அவனுக்கு விளங்கப்படுத்தட்டோ?"

"விளங்கப்படுத்தினால் விளங்கும். அழுகை வராது." தலை பின்னப்படுகிற பெண்ணும் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினா. "வாற ஞாயிறு நாற்பதாம் நாள் தானம் குடுக்கிறம். கீழ்வீட்டுப் பொது அறையிலை. வா. மனிசியையும் கூட்டிக்கொண்டு வா. வந்து உன்ர வேலையைச் செய்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. சிரிப்பை அடக்கமுடியாமல் கத்தியைக் கீழே வைத்தா.

"உங்களுக்குப் பகிடி வருமோ? எங்கட கலியாணத்திலை என்ர அண்ணாமார் உங்களை அந்தப் பாடு படுத்த, நீங்கள் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"இதிலை வேறை வழியில்லையப்பா. அவன் போகப்போறான்."

நான் சொன்ன விதத்தில் என்னவோ இருந்திருக்கவேண்டும். அவ சிரிப்பை விட்டுவிட்டு எதிரே வந்து இருந்தா.

"சரி. நான்தான் அவர். என்னை ஏசுங்கோ பார்ப்பம்."

நான் வெங்காயத் தோலைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"கொப்பர் எண்டு தகப்பனிலை தொடங்குங்கோ."

"செத்த மனுசனை எப்பிடியப்பா அப்பிடிச் சொல்லுறது?"

"அதுக்குத்தானே கூப்பிட்டிருக்கினம். சொல்லுங்கோ. உன்ர கொப்பர்..."

"உன்ர கொப்பர்," என்றேன். "நல்ல மனுசன்."

அவ தலையில் கைவைத்துக்கொண்டா. அந்தக் கிழமை முழுக்க அவ சமைக்கும்போதும், உடுப்பு மடிக்கும்போதும் நான் ஏசிப் பழகினேன். அவ திருத்தினா. சத்தம் காணாது என்றா. மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றா. சாப்பாடு பற்றியும் கேட்டேன். முப்பத்தோராம் நாள் கழிந்தால் எங்கள் வழக்கத்திலும் சாப்பிடலாம், வயிறுமுட்டச் சாப்பிடுங்கோ என்றா.

ஞாயிறு வந்தது. பொது அறையில் நிலத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். ஓதி முடிந்திருந்தது. நண்பன் நடுவில், நீளமான வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கால்களை மடக்கி இருந்தான். அங்கி அவனுக்குப் பெரிதாக இருந்தது. என்னைக் கண்டான். எழுந்து, கை கொடுத்து, வந்ததற்கு நன்றி என்றான். பிறகு போய்த் தன் இடத்தில் இருந்துவிட்டான்.

எல்லாரும் இருந்தார்கள். நான் மட்டும் நின்றேன். பழகிய வசனம் அத்தனையும் மறந்துபோனது. அக்கா பெண்கள் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தா. என் மனைவி பார்க்கவில்லை. சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தா.

மேசையில் ஒரு பெரிய வட்டத் தட்டில் சோறும் மீனும் மூடிவைத்திருந்தது. நான் செய்தது என்னவென்றால், போய் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டேன். நல்ல பாரம். நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றேன்.

"இது எனக்கு," என்றேன்.

ஒரு பெரியவர் ஏதோ கேட்டார், அக்கா அவருக்குப் பதில் சொன்னா.

"உன்ர கொப்பர் நோய் வந்து சாகேல்லை," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் அவரின்ர வீட்டுக்குச் சாப்பிட வாறன் எண்டு கேள்விப்பட்டிருக்கிறார். சோறு போட மனமில்லாமல் ஓடிட்டார். அவ்வளவு தூரம் ஓடினால் விட்டுடுவனெண்டு நினைச்சாரோ? அவரின்ர வயலும் எனக்கு, மண்வெட்டியும் எனக்கு. உன்னையும் கொண்டுபோறன். ஆனா நீ ஒண்டுக்கும் உதவமாட்டாய். சட்டி கழுவினாலும் அடி கறுப்பாய்த்தான் இருக்குது."

தட்டோடு நின்றேன். முதலில் பெண்கள் பக்கம் ஒருத்தி கையைத் தட்டிச் சிரித்தா. பிறகு அக்கா. பிறகு விளங்காதவர்களுக்கு விளங்கினவர்கள் சொல்லச் சொல்ல அறை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. நான் அவனைத்தான் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது இரண்டும் சேர்ந்து இருந்தது.

"பாருங்கோ," என்றான், மூக்கால் வடிய வடிய. "சோத்துக் கள்ளன். நாப்பது நாள் பிந்தி வந்திருக்கிறான். நாடுவிட்டு நாடு சோத்துக்கு அலையிறவன்." பிறகு முகத்தை அங்கியின் கையால் மூடிக்கொண்டு அழுதான். பெரிய ஆள் அழுகிற அழுகை. யாரும் தடுக்கவில்லை. ஒருவர் என் கையிலிருந்து தட்டை மெதுவாக வாங்கி நிலத்தில் வைத்தார். நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன்.

அவர்கள் ஒரே தட்டைச் சுற்றி இருந்து கையால் சாப்பிடுகிறவர்கள். தனக்கு நேரே உள்ள சோறுதான் தன் பங்கு. மீன் நடுவில் இருக்கும். அதைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் போடுவது துக்க வீட்டிலும் வீட்டுக்காரனின் வேலை. அவன் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு பிய்த்தான். வயிற்றுப் பக்கத்துத் துண்டை என் முன்னால் போட்டான். நான் அதை அவன் பக்கம் தள்ளினேன்.

"தின்," என்றான்.

"நீ தின்."

"என்ர வீட்டிலை வந்து எனக்குச் சொல்லுறியோ?"

"இந்தத் தட்டு என்ர எண்டு அப்பவே சொல்லிட்டன். என்ர தட்டிலை நான் சொல்லுறதுதான்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். இத்தனை நாளாக எங்கே ஒளித்துவைத்திருந்தாய் என்று கேட்கிற மாதிரி. பிறகு அந்த மீனை எடுத்து, சோற்றோடு உருட்டி, வாயில் வைத்தான். மென்றான். இன்னொரு வாய் எடுத்தான். சாப்பிட்டுக்கொண்டே, ஆற்றில் மீன் பிடித்து வந்து தலையைத் தனக்கும் உடலைப் பிள்ளைகளுக்கும் போடுகிற தன் தகப்பனைப் பற்றிப் பேசத் தொடங்கினான். தலையில்தான் ருசி என்று அவர் சொல்லுவாராம். இவனும் பெரியவனாகும்வரை நம்பிக்கொண்டிருந்தானாம்.

இடையில் நிறுத்தி, கையில் ஒட்டிய சோற்றோடு என்னைச் சுட்டிக்காட்டி மற்றவர்களிடம் சொன்னான்:

"நாளைக்குச் செஃப்பிட்டைச் சொல்லவேணும், நான் போகேல்லை எண்டு. இவனைத் தனிய விட்டால் கன்ரீனை ஒரு மாதத்திலை திண்டு முடிச்சுப்போடுவான்."

மறுபடி சிரிப்பு. பெண்கள் பக்கத்துத் தட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, தமிழில் கேட்டா.

"என்னவாம்?"

"ஏசுறான்," என்றேன்.

"அப்ப சரி," என்றுவிட்டு அவ தன் தட்டுப் பக்கம் திரும்பினா.